கோபத்தை ஒப்படைத்தவர்

சாம்பாரில் உப்பில்லை. பாலுசாமி பிசைந்த கையோடு அப்படியே உட்கார்ந்து மனைவியைக் கூப்பிட்டார்.

"அம்மணி, எனக்குக் கோவம் வருது. செத்த வந்து கோவப்பட்டுப்போட்டுப் போ."

தெய்வாத்தாள் அடுப்பை அணைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"ஆரு மேலங்க?"

அந்த வீட்டில் இது புதிதில்லை. தை மாதம் கோயமுத்தூர் போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து இப்படித்தான். இரண்டு பேருக்கும் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்த டாக்டர், பிரஷர் ஏகத்துக்கு இருக்கிறது, உப்பைக் குறைக்க வேண்டும், கோபம் கூடவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

உப்பை விடுவது பாலுசாமிக்குப் பெரிதாகப் படவில்லை. ஆனால் சோமனூரில் தறிக்கூடம் வைத்திருப்பவர் கோபப்படாமல் எப்படிப் பிழைப்பது? அதட்டாவிட்டால் அறுந்த நூல் அறுந்தபடியே கிடக்கும்.

திரும்பி வரும் பஸ்ஸில், கருமத்தம்பட்டி வருவதற்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். கோபம் தன்னுடையது. படுவது தெய்வாத்தாள்.

அவள் மறுக்கவில்லை. முதலில் கூச்சப்பட்டாள், அவ்வளவுதான். தறிக்குப் பாவு நூல் கொண்டுவர நேரமாக்கிய வேன்காரரிடம், "எங்கூட்டுக்காரருக்குக் கோவமுங்க, அவருக்குப் பதிலா நான் படறேனுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தாள். திட்டும்போதும் மரியாதையை விடவில்லை. "உங்களுக்கு மூளைன்னு ஒண்ணு இருக்குதுங்களா?" என்று அவள் கேட்க, திட்டு வாங்குகிறோம் என்று தெரியாமல் அந்த மனிதர், "இருக்குதுங்கக்கா" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

போகப்போகப் பழகிவிட்டது. கிரிக்கெட் நடுவே லைனை நிறுத்திவிட்ட கேபிள்காரர், பாலில் தண்ணீரை ஊற்றியவர், சம்பந்தி வீட்டார் என்று யாரும் மிச்சமில்லை. பாலுசாமி பக்கத்தில் நின்று மூச்சை நிதானமாக இழுத்து விட்டபடி, இன்னும் கொஞ்சம் என்பதுபோல் தலையசைத்தால் போதும். அவள் குரல் ஏறும். தறிகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே தெருக்கோடி வரை கேட்கும்.

இன்றைக்குத்தான் சிக்கல்.

"சாம்பார் வெச்சவ மேல," என்றார் பாலுசாமி.

தெய்வாத்தாள் சற்று நின்றாள். பிறகு, கை கழுவும் இடத்தில் மாட்டியிருந்த, ஸ்டிக்கர் பொட்டுகள் ஒட்டிய கண்ணாடிக்கு முன்னால் போய் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏ, நாக்குச் செத்துப் போச்சா உனக்கு?" என்று கண்ணாடியைப் பார்த்துக் கேட்டாள். "சாம்பாரா இது, பாவுக்குப் போடற கஞ்சியா? தறிக்கூடத்து நாய்க்கு வெச்சாலும் மோந்து பார்த்துப்போட்டுப் போயிரும். இதைத்தான் உங்கொம்மா சொல்லிக் குடுத்து அனுப்புச்சாளா?"

இதில் மரியாதை இல்லை. பாலுசாமி அதைக் கவனித்தார். சொற்களையும் கவனித்தார். எல்லாம் அவருடையவை. ஒன்றுகூட அவள் கைச்சரக்கு இல்லை.

அவள் நிறுத்தவில்லை. பொங்கலுக்குத் தாய்வீடு போனதை இழுத்தாள். கல்யாணப் பந்தியில் அவருக்கு முந்தி உட்கார்ந்ததை இழுத்தாள். "காச்சலாமா காச்சல். சேலையைப் போர்த்திப் படுத்துக்கிட்டு நடிக்கறதைப் பாரு" என்றபோது கண்ணாடியில் எச்சில் தெறித்தது.

பாலுசாமிக்குச் சங்கடமாகிவிட்டது.

"போதும் அம்மணி. அவ வேணும்னேவா செஞ்சா? டாக்டர் சொன்னதாலதான உப்புப் போடலை."

தெய்வாத்தாள் திரும்பாமலே கையை நீட்டித் தடுத்தாள்.

"எனக்கும் எம்பொண்டாட்டிக்கும் நடுவுல நீங்க ஏனுங்க வாரீங்க?"

தன் சண்டையிலேயே தனக்கு இடமில்லை என்றால் ஒரு மனிதன் எங்கே போய் நிற்பது?

ஒருவழியாக ஓய்ந்து, அவள் சொம்பில் தண்ணீர் மொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையிலிருந்து ஒரு சின்ன மாத்திரையை எடுத்து விழுங்கினாள்.

"தலைவலியா?"

"பிரஷருக்குங்க."

"பிரஷர் எனக்கில்ல?"

"உங்களுக்குன்னு ஆருங்க சொன்னது?"

பாலுசாமி யோசித்துப் பார்த்தார். யாரும் சொல்லவில்லை. அந்த வீட்டில் தறிகள் அவருடையவை. சாய்வு நாற்காலி அவருடையது. கோழிக்குழம்பில் ஈரல் அவருடையது. பிரஷர் மட்டும் வேறு யாருடையதாக இருக்க முடியும் என்று இருந்துவிட்டார். டாக்டர் தனக்கு மாத்திரை எதுவும் தரவில்லை என்பதே இப்போதுதான் உறைத்தது.

"அப்பறம் எதுக்கு ஊரெல்லாம் போயி அந்தக் கத்துக் கத்துனே?" என்றார் பாலுசாமி. "உனக்கு ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆயிருந்தா?"

"போன வாரம் போயிக் காமிச்சனுங்க. நல்லாக் கொறஞ்சிருக்குதுன்னாரு டாக்டரு. அப்படி என்னம்மா பண்ணுனீங்கன்னு கேட்டாரு." அவள் சொம்பைக் கீழே வைத்தாள். "உப்பைக் கொறச்சுப்போட்டேனுங்கன்னு சொன்னேன். மத்ததைச் சொல்லலீங்க."

இலையில் சோறு காய்ந்துகொண்டிருந்தது.

பாலுசாமி எழுந்து கை கழுவினார். வெளியே போய், தன் டி.வி.எஸ். வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய் எதிர்வீட்டு வாசலை அடைத்தாற்போல் நிறுத்திப் பூட்டினார். எதிர்வீட்டு வேங்கடசாமி அந்தத் தெருவிலேயே பொல்லாத வாய்க்காரர். மதியச் சாப்பாட்டுக்கு அவர் கார் வருகிற நேரம்.

சாவியை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு உள்ளே வந்தார்.

"அம்மணி, நீ மொதல்ல சோறுண்டுக்க. கத்தறதுக்குத் தெம்பு வேணும்," என்றார்.