மூன்றாவது கடைக்கு ஒன்பதரை

பன்னின் மூடியைத் தூக்கி மோந்து பார்த்தான்.

நாறவில்லை.

அதிசயம்தான். நான்கு சனிக்கிழமையில் இன்றைக்குத்தான் நாறாத பர்கர்.

எதிரே மகள், ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தன்விகா. மூன்றாம் வகுப்பு. பர்கர் கடைகளுக்கு மார்க் போடுகிறாளாம். வெளிநாட்டுக் கடையெல்லாம் வேண்டாமாம். கோவை, ஈரோடு, சேலம் என்று கிளை விரித்திருக்கிற நம் பக்கத்துக் கடைகள் மட்டும். பர்கருக்கும் ஃப்ரைஸுக்கும் சேர்த்துப் பத்துக்கு. ஃபர்ஸ்ட் வருகிற கடைக்குத்தான் இனி வாராவாரம் போக வேண்டும்.

மகளைப் பார்க்கக் கோர்ட்டு அவனுக்குக் கொடுத்தது சனிக்கிழமை நாலிலிருந்து ஆறு. அதிலும் 'குழந்தை விரும்பினால்' என்று ஒரு வரி.

அந்த ஒரு வரிக்குப் பயந்துதான் இந்தக் கருமத்தையெல்லாம் தின்றுகொண்டிருக்கிறான்.

ரசமும் சோறும் தின்று வளர்ந்த வயிறு. பாவம், அதற்கு என்ன தெரியும்?

முதல் கடை, பன்னு மாமா. கறித்துண்டு ரப்பர் செருப்பு மாதிரி இழுத்தது. மயோனைஸ் வழிந்து மணிக்கட்டு வரைக்கும் வந்துவிட்டது. ச்சீ! வீட்டுக்குப் போய் இரண்டு தடவை சோப்புப் போட்டும் கை வழவழவென்றே இருந்தது.

இரண்டாவது, மொறுமொறு கார்னர். பெயர்தான் மொறுமொறு. ஃப்ரைஸைத் தூக்கினால் தலையைத் தொங்கப் போட்டது. மேலே சிவப்பாக ஏதோ பொடி வேறு. ராத்திரி வரைக்கும் ஏப்பத்தில் அதுதான் வந்தது.

மூன்றாவது கடையை நினைத்தாலே குமட்டுகிறது.

குபுகுபு சிக்கன். வாசலிலேயே பழைய எண்ணெய் நாற்றம். எத்தனை நாள் எண்ணெயோ! மேசையில் யாரோ சிந்திய சாஸ் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. நாலேகாலுக்குச் சொன்ன பர்கர், ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வந்தது. அதற்குள் கவுண்டரில் போய் அவன் இரண்டு தடவை சத்தம் போட்டாயிற்று. வந்ததாவது வாயில் வைக்கிற மாதிரி இருந்ததா? சீஸ் ஆறிப்போய்ப் பசை போல அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. டிஷ்யூவில் துப்பினான். துப்பியதைப் பார்க்க இன்னும் குமட்டியது.

ஆறு மணிக்கு அவள் அம்மா ஸ்கூட்டரில் வந்து நின்றாள். அவளுக்கு ஆறு என்றால் ஆறுதான். கண்ணாடி வழியே உள்ளே பார்த்தாள். மகள் முன்னால் தட்டு. உள்ளே வராமல் ஸ்கூட்டரிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

தட்டு முன்னால் உட்கார்ந்தவரை எழுப்பக்கூடாது. அவர்கள் வீட்டில் அப்படி. அவனை வீட்டை விட்டுப் போகச் சொன்ன அன்றும், சாப்பிட்டுக் கை கழுவுகிற வரைக்கும் பொறுத்திருந்துதான் சொன்னாள்.

அன்றைக்குத் தன்விகா ஒவ்வொரு ஃப்ரைஸாக எடுத்து, நுனியிலிருந்து கொறித்துக் கொறித்துத் தின்றாள். ஆறு நாற்பது ஆனது. பார்த்துக்கொண்டிருந்த அவன்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இன்றைய கடையோ சொக்கத் தங்கம். சொல்லிவிட்டு உட்கார்வதற்குள் தட்டு வந்துவிட்டது. ஃப்ரைஸ் சுடச்சுட இருந்தது. மேசையும் பளிச்சென்று துடைத்திருந்தது. அவனே ஒரு பர்கரை முழுசாகத் தின்றுவிட்டான்.

இதுதான் ஃபர்ஸ்ட். தப்பித்தோம்.

அவள் பென்சிலைக் கடித்தாள். எழுதினாள்.

இரண்டு.

நோட்டை இழுத்துப் பார்த்தான். பன்னு மாமா, மூன்று. மொறுமொறு, மூன்றரை. குபுகுபு சிக்கன், ஒன்பதரை. பக்கத்தில் ஒரு நட்சத்திரம் வேறு.

இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த எண்ணெய் நாற்றமா?

"ஏன் சாமி, உனக்கு நாக்கு செத்துப்போச்சா? அந்தக் கருமத்துக்கா ஒம்பதரை?"

அவள் நோட்டைத் திருப்பி வாங்கி மூடினாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"அங்கதானுங்கப்பா லேட்டாக் குடுத்தாங்க."

அவன் குனிந்து பார்த்தான்.

அவள் தட்டில் பர்கர் ஒரு கடியோடு அப்படியே கிடந்தது. அவளுக்கும் பிடிக்கவில்லை போல. எந்தக் கடையிலும் பிடித்திருக்காது போல.

மணி பார்த்தான். நாலு முப்பத்தைந்து.

"கெளம்பு" என்றான்.

குபுகுபு சிக்கன் ஊரின் அந்தக் கோடியில் இருக்கிறது. கடை மாறியதை அவள் அம்மாவுக்கு மெசேஜ் போட்டுவிட்டு பைக்கை எடுத்தான். போய்ச் சேரும்போது ஐந்து பத்து.

வாசலிலேயே அந்த நாற்றம் முகத்தில் அடித்தது.

கவுண்டரில் இருந்தவர் போன வாரச் சண்டையை மறக்கவில்லை. "ஒரு அடுப்புதானுங்க ஓடுது. முக்கால் மணி நேரம் ஆகும். அப்பறம் வந்து சத்தம் போடக்கூடாது."

"ஆகட்டுங்க" என்றான். "ஃப்ரைஸ் மட்டும் ரெண்டு தட்டு சேர்த்துக் குடுங்க."

திரும்பினான். தன்விகா அதற்குள் இடம் பிடித்திருந்தாள். உள்ளே ஏசிக்குக் கீழே நல்ல மேசையெல்லாம் காலியாகத்தான் கிடந்தது.

அவள் உட்கார்ந்திருந்தது வெயில் அடிக்கிற மேசையில், போன வாரம் ஸ்கூட்டர் வந்து நின்ற ரோட்டைப் பார்த்த கண்ணாடியை ஒட்டி.