கல்யாணப் படத்தில் ஒரு திருத்தம்

"எம் மருமவள கொஞ்சம் கறுப்பாக்கிக் குடும்மா."

கார்த்திகாவுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. பூந்தமல்லியில் ஃபோட்டோ பிரின்ட் போடும் கடை வைத்ததிலிருந்து, சிவப்பாக்கிக் கொடு என்று கேட்காத ஆளைத்தான் அவள் தேட வேண்டும். கறுப்பாக்கு என்று கேட்டு வந்தவர் இந்த ஜரினாம்மா ஒருத்தர்தான்.

கவுண்டர்மேல் கல்யாணப் படம் கிடந்தது. ஜரினாம்மாவின் மகன் முஸ்தகீமும் அவன் புது மனைவியும் மாலையும் கழுத்துமாக நிற்கிறார்கள். போன மாதம் முஸ்தகீம் பென்டிரைவில் கொண்டுவந்து கொடுக்க, கார்த்திகாதான் பெரிதாகப் போட்டுத் தந்தாள். ஹாலில் மாட்டியிருந்த அதை ஃபிரேமோடு கழற்றிக்கொண்டு வந்திருந்தார் ஜரினாம்மா.

"இதுக்கு என்னம்மா குறைச்சல்?"

"கலர் சரியில்லமா."

கார்த்திகாவை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். கலர் சரியில்லை என்று மட்டும் சொல்லக் கூடாது. கருவி வைத்து மானிட்டரின் நிறத்தை அளந்து சரிசெய்த பிறகுதான் எந்தப் படத்தையும் திறப்பாள். பேப்பர் மாறினால் அதற்கென்று தனி செட்டிங். டெஸ்ட் பிரின்டை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்காமல் ஒரு படத்தையும் கையில் கொடுக்க மாட்டாள். திரையில் உள்ள நிறம் தாளில் அப்படியே வரவேண்டும், அவ்வளவுதான் அவள் வேதம்.

கல்யாணப் பெண் படமென்றால் மட்டும் முகத்துக்குக் கொஞ்சம் வெளிச்சம் ஏற்றிவிடுவாள். அதை அவள் கலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. பவுடர் போட்டுவிடுகிற மாதிரி ஓர் உபகாரம். நிறத்தைச் சாக்குச் சொல்லி இரண்டு மூன்று மாப்பிள்ளை வீட்டார் தட்டிக்கழித்த பிறகு கல்யாணம் ஆனவள் கார்த்திகா. அந்த வலி இன்னொருத்திக்கு வேண்டாமே என்ற நல்லெண்ணம்தான்.

"உங்க பையன் ஷெர்வானி என்ன கலரும்மா?"

"மெரூன்."

"படத்துல?"

"மெரூன்தான்."

"மாலையில மல்லிப்பூ?"

"வெள்ளையாத்தான் கீது. அதெல்லாம் நான் ஒண்ணும் சொல்லல. பொண்ணு மூஞ்சிய மட்டும் எறக்கு."

அப்போது வாசலில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். தலையில் துப்பட்டா. ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"பாஸ்போர்ட் சைஸா சிஸ்டர்? அஞ்சு நிமிஷம் உக்காருங்க. இவங்கள அனுப்பிட்டு வந்துடறேன்" என்று முந்திக்கொண்டாள் கார்த்திகா. அந்தப் பெண் லேசாகச் சிரித்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

கார்த்திகாவுக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது. வந்த மருமகள் படத்தில்கூட அழகாக இருக்கக் கூடாதா இந்த மாமியார்களுக்கு? ஆனாலும் கடை என்று வைத்தாயிற்று, கேட்டதைச் செய்துதானே ஆகவேண்டும்? படத்தைத் திறந்து, மணப்பெண்ணின் முகத்தை மட்டும் ஒரு நூல் இறக்கினாள்.

"போதுமா?"

"இன்னும்."

"இப்ப?"

"பத்தாதுமா. இன்னும் எறக்கு."

இவள் ஏற்றிவிட்ட வெளிச்சம் அத்தனையும் இறங்கி, கேமராவில் எடுத்த படமே வந்து நின்றது.

"ஆங், இதான்! இப்டியே போட்டுக் குடு."

கார்த்திகா மௌஸைத் தள்ளிவைத்தாள். அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. இது பாவம். ஆயுசுக்கும் செவுத்துல இருக்கப்போற படம். தெனமும் அந்தப் பொண்ணு இதப் பாத்து மனசு நொந்து போகாதா? உங்க சொந்தப் பொண்ணா இருந்தா இப்படிக் கேப்பீங்களா?"

 ஜரினாம்மா ஒரு மாதிரியாகச் சிரித்தார். அது கார்த்திகாவுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. பெஞ்சுப் பக்கம் திரும்பி மானிட்டரையும் திருப்பிக் காட்டினாள்.

"நீங்களே நியாயத்தச் சொல்லுங்க சிஸ்டர். கட்டிக்கினு வந்த பொண்ண யாராவது இப்படிப் பண்ணுவாங்களா?"

அந்தப் பெண் எழுந்து வந்தாள். திரையைக் குனிந்து பார்த்தாள். அவளுடைய களையான கறுத்த முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"இதுல நான் நல்லா இருக்கேன்ல, மாமி?" என்றாள் ஜரினாம்மாவிடம்.

 கார்த்திகா திரையைப் பார்த்தாள், அந்தப் பெண்ணைப் பார்த்தாள். அதே முகம், அதே நிறம். போன மாதம் அரைநாள் இந்த முகத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு வேலை பார்த்தவள் அவள். எதிரில் வந்து உட்கார்ந்தவளை பாஸ்போர்ட் சைஸா என்று கேட்டிருக்கிறாள். வெட்கமாகப் போய்விட்டது.

"சாரிங்க... எனக்குத் தெரியல" என்று முணுமுணுத்தாள்.

ஜரினாம்மா மருமகளின் தோளில் கை போட்டுக்கொண்டார்.

"உன்ன மட்டும் சொல்லி இன்னாமா பண்றது? ஊட்டுக்கு வர்றவங்க அல்லாரும் இந்தப் படத்தத்தான் பாக்குறாங்க. பாத்துட்டு, டீ கொண்டாந்து குடுக்குற எங்க அதீபாகிட்டயே கேக்குறாங்க, 'புதுப் பொண்ணு எங்கமா, கண்ணுலயே காட்ட மாட்டேங்கிறாங்க'ன்னு."