பெற்றீசியாவுக்கு நீதி

“நேரம் என்னான்னு தெரியுமா? ஒனக்கு இன்னிக்கு வேல இல்ல. போ!”

காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் அத்தனை பேர் முன்னால் முத்துலிங்கம் கங்காணி பெற்றீசியாவை விரட்டினார். அவள் மறுபேச்சில்லாமல் கூடையைத் தூக்கிக்கொண்டு தான் குடியிருக்கும் லயத்துப் பக்கம் திரும்பிவிட்டாள். அவளுக்கும் பிந்தி வந்த நாலு பேர் மலைக்குப் போனார்கள். மாதத்தில் ஒரு நாள் இப்படி; இது தொடர்ந்து மூன்றாவது மாதம்.

சங்கத் தலைவர் ஜீவராஜுக்கு இரத்தம் கொதித்தது. கொதிக்க ஒன்றும் கிடைக்காமல் கொஞ்சக் காலமாக ஆறிப்போயிருந்த இரத்தம்.

புருசனைப் பறிகொடுத்தவள் என்றால் இளக்காரமா என்று கங்காணியைக் கேட்டார். கங்காணி வெற்றிலையைத் துப்பிவிட்டு மலைப் பக்கம் நடையைக் கட்டினார். இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

தலைவர் அறிவித்த வேலைநிறுத்தத்தில் மூன்று நாள் மலையில் ஒரு தேயிலைக் கொழுந்தும் கிள்ளப்படவில்லை. பெற்றீசியா மட்டும் அவரிடம் வந்து, வேண்டாம் விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினாள். அடிமைப் புத்தி எப்படி உண்டாகிறது என்று அதற்கும் ஒரு கூட்டம் போட்டு விளக்கினார் தலைவர்.

நாலாம் நாள் தோட்டத்துத் துரை இறங்கி வந்தார். இனி ஒரு நாளும் பெற்றீசியாவை விரட்டுவதில்லை என்று கங்காணி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அந்தக் கடதாசியோடு ஜீவராஜ் லயத்தில் அவள் காம்பராவுக்குப் போனார். தேத்தண்ணி கொடுத்தாள். ஒரு மிடறு குடித்துவிட்டு வாசித்துக் காட்டினார். அவள் பக்கத்துக் காம்பராவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“எனக்கு எச்.ஐ.வி. தலைவரே. செத்துப்போன மனுசன் விட்டுட்டுப் போனது. கங்காணிக்கு மட்டுந்தான் தெரியும்.”

ஜீவராஜ் கோப்பையை மெல்லக் கீழே வைத்தார். ஒரே கோப்பையில் குடித்தாலும் தொற்றாது என்று போன வருஷம் துண்டுப்பிரசுரம் எழுதியவர் அவர்தான்.

“கிருமி மூளைக்கும் போயிருச்சாங்க. மூளைக்குப் போற வழியில காவல் இருக்காம். ஆனா ரத்தத்துல ஓடுற காவக்கார அணுவை மட்டும் அது மறிக்காதாம். கிருமி அந்த அணுவுக்குள்ளயே ஒளிஞ்சுக்கிட்டுப் போயிருமுன்னு கண்டி கிளினிக்குல நர்ஸ் மிஸ்ஸி சொன்னாங்க. கொழுந்து லொறி வந்தா நம்ம வாச்சர் பாக்காமயே கேட்டத் தொறக்கிறாருல்ல, அது மாதிரி. உள்ள போயி நரம்பை நேராத் தொடாதாம். நரம்பைப் பராமரிக்கிற அணுவுல குடியேறி, அதை வச்சே நரம்பைக் கெடுக்குமாம்.”

மருந்து இல்லையா என்று கேட்டார்.

“இருக்குங்க. மாசம் ஒருக்கா போயி எடுக்கணும். எந்த நாளுன்னுதான் தலையில நிக்க மாட்டேங்குது. லீவு கேட்டா எங்க போறன்னு லயமே கேக்கும். வெரட்டுனவ எங்க போனாலும் யாரும் கேக்க மாட்டாங்க. அதான் கிளினிக் நாளைக் கங்காணி ஞாபகம் வச்சிருந்து, அன்னிக்குச் சத்தம் போட்டு வெரட்டுவாரு. நான் கண்டி ரயிலைப் புடிச்சிருவேன்.”

ஜீவராஜ் கையிலிருந்த கடதாசியை மடித்தார்.

“இனிமே என்னைய யாருங்க வெரட்டுவா?”