பக்கவாட்டில் வந்த பெரியப்பா

துறைமுகச் சுவரில் தொங்கிய பழைய டயருக்குள் ஒரு நண்டு குடியிருந்தது. பக்கவாட்டில் நடக்கிறதென்று மீன்கள் செய்த கேலி தாங்காமல், அது வெளியே தலைகாட்டுவதே இல்லை.

ஒருநாள் காலையில் திடீரென்று இருட்டிக்கொண்டு வந்தது. எட்டிப் பார்த்த நண்டுக்குக் கண்கள் இரண்டும் குச்சியாய் நட்டுக்கொண்டன. மாடிமேல் மாடியாக ஒரு பட்டணமே தண்ணீரில் மிதந்து வந்துகொண்டிருந்தது!

"சொகுசுக் கப்பல்! மோதப்போகுது, ஓடு!" என்று அலறிப் பறந்தது கடற்காகம்.

மோதவில்லை. அத்தனை பெரிய கப்பல் அப்படியே நின்றது. பிறகு மூக்கைக்கூடத் திருப்பாமல், பூனைபோலச் சத்தமின்றி, பக்கவாட்டிலேயே சுவரை நோக்கி நகர்ந்தது.



"அடேயப்பா! இது நம்ம வம்சமில்லையா! பெரியப்பா!" என்று கொடுக்கை நீட்டிக்கொண்டு டயரின் விளிம்புக்கு ஓடியது நண்டு.

"உள்ளே போடா, மடையா!" என்று மேலிருந்து கத்தியது கடற்காகம்.

கப்பல் சுவரோடு ஒட்டியதில் டயர் நசுங்கிப் பிதுங்கியது.

கப்பலைக் கயிற்றால் கரையோடு கட்டி முடித்ததும் கடற்காகம் பதறிப்போய்த் தேடியது. டயரின் குழிக்குள் நண்டு கிடந்தது. பெரிய கொடுக்கைக் காணோம்.

"ஐயோ, என்னடா ஆச்சு?"

"பெரியப்பா கட்டிப்பிடிச்சார்," என்றது நண்டு, பெருமை தாங்காமல். "கொடுக்கு போனா முளைச்சிடும். இப்படி ஒரு சொந்தம் முளைக்குமா?"