மினுக்கம் நின்ற மாலை

விண்வெளியில் குப்பை வாரப் போன கலம், தரையோடு தொடர்பிழந்து, உள்ளே இருந்த மூன்று பேரோடும் பூமியைச் சுற்றிக்கொண்டிருந்தது. மூவரும் இறந்துவிட்டதாக நிறுவனம் அறிவித்தது. கடலில் காணாமல் போனவர்களுக்குச் செய்வதுபோல, மூவரில் ஒருவனான லியோனின் உடுப்பைப் பெட்டியில் வைத்து நாளை அடக்கம் செய்வதென்று அவன் ஊரான மணப்பாட்டில் உறவினர்கள் முடிவெடுத்திருந்தார்கள்.

அவன் மனைவி பிலோமி மாலைதோறும் பைனாகுலரோடு மொட்டை மாடியில் நின்றாள். "மேல பாத்துக்கிட்டு நின்னா எறங்கி வந்துருவானாக்கும்!" என்றார்கள் கீழே நின்ற உறவினர்கள். கலம் உருள உருள அதன் மேல் வெயில் பட்டு விட்டுவிட்டு மின்னும். அந்த இடைவெளியைக் கணித்து, இதையே பொழுதுபோக்காகச் செய்யும் வெளிநாட்டு நண்பர்களுக்கு அனுப்புவாள். உருளல் தானாக அடங்கப் பல மாதங்கள் ஆகும் என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள்.

இன்று அது மின்னவில்லை. ஒரே சீரான ஒளியாகக் கடலுக்கு மேல் நகர்ந்தது.

மாமியார் செசிலி மாரில் அடித்துக்கொண்டார். "மினுக்கம் நின்னுட்டே! எம் புள்ள உசிரு போயிட்டுல்லா!"

"இல்ல மாமி. நேத்து வரைக்கும் உருண்டுச்சு. உள்ள இருந்து யாரோ நிப்பாட்டியிருக்காங்க."

செசிலி அவள் கையைப் பிடித்தார். "லியோனா?"

"தெரியலியே மாமி."

நிறுவனத்துக்குச் செய்தி அனுப்பிவிட்டு, பிலோமி கலத்தில் இருந்த மற்ற இருவரின் வீடுகளுக்கும் போன் செய்தாள். விஷயத்தைச் சொன்னதும் போனை எடுத்த இரண்டு பெண்களும் கேட்டது ஒன்றைத்தான்.

"எங்க வீட்டு ஆளா?"