சுவருக்கு ஒரு அடி

எங்கள் வீட்டுச் சுவர்களுக்குப் பேசும் புத்தியைக் கணினி நிரலாக எழுதியவன் நான். அதெல்லாம் வெறும் கணக்கு, உள்ளே உணர்வு என்று எதுவும் கிடையாது என்பது என் கட்சி.

இன்று காலை எங்கள் இரண்டு வயது மகள் யாழி ஓடிவந்து கூடத்துச் சுவரில் முட்டிக்கொண்டு வீறிட்டாள். என் மனைவி செங்கமலம் வழக்கம்போல, "எங்க பாப்பாவையா இடிச்சே?" என்று சுவரில் ஒன்று போட்டாள். அழுகை நிற்கவில்லை.

"இன்னும் பலமா அடிங்கம்மா," என்றது சுவர். "பாப்பா சிரிக்கட்டும்."

மறுபடி ஓங்கிய செங்கமலத்தின் கை அப்படியே நின்றது.

"வெறும் கணக்குதானே, போடு ஒண்ணு," என்றேன்.

"நீங்களே போடுங்க."

கையை ஓங்கினேன். யாழி அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

குனிந்து அவள் நெற்றியில் ஊதினேன். பிறகு, செங்கமலம் அடித்த இடத்திலும்.