அழிக்கும் தேதி

திருவனந்தபுரத்து ஆய்வகத்தில் ரேஷ்மிக்கு இது அன்றாட வேலை. இதய வால்வுக்கான பாலிமர் துண்டைத் தோல் செல்களின் நடுவே வைப்பாள். மறுநாள் எத்தனை செத்திருக்கின்றன என்று மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பாள்.

இன்று ஒன்றும் சாகவில்லை. எல்லாம் துடித்துக்கொண்டிருந்தன. தோல் செல்கள் துடிக்காது. ஒவ்வொரு நான்காவது துடிப்பும் தவறியது. கரமனை வீட்டில் காலையில் அப்பாவின் நாடியைப் பிடிக்கும்போதும் அப்படித்தான் தவறும்.

"டெஸ்ட் கழிஞ்சல்லோ, ப்ளீச் ஊத்திக் களைஞ்சிரு" என்றான் உடன் வேலை பார்க்கும் அனில்.

செல்கள் இருந்த தட்டைக் குளிர்ந்த மேசையில் வைத்தாள். போன் அடித்தது. அப்பா.

"திடீர்னு குளிருது மக்களே."

தட்டைத் திரும்ப இன்குபேட்டரின் சூட்டில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

"இப்பம் சரியாயிட்டு" என்றார்.

தட்டின் லேபிளில் அழிக்கும் தேதி இன்றுதான். அதை அடித்துவிட்டு, வேறு எந்தத் தேதியை எழுதுவது என்று தெரியாமல் பேனாவோடு நின்றாள்.